தண்ணீர் விழுங்கிய சிவப்பு

எங்கள் ஸ்டூடியோ கோச்சடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டர், அதற்குப் பின்னால் படம் எடுக்கிற அறை, அதற்கும் பின்னால் ஒரு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனால் நான் உட்காருகிற இடம். முன்பு அது டார்க் ரூம். கம்ப்யூட்டர் வந்த பிறகு சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டு ட்யூப் லைட் மாட்டினோம். கருப்புப் பெயின்ட் அடித்த சுவர்கள் அப்படியே இருந்தன. ஜன்னல் கிடையாது. கடைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே இப்படி ஓர் ஆள் இருப்பது தெரியாது. எனக்கு அதுதான் வசதி. முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதே ஆட்களின் முகங்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கடைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும், இனி நமக்கு இங்கே வேலை இருக்காது என்றுதான் நினைத்தேன். ஸ்கேனர் பெட்டிக்குள் ஒரு சி.டி. இருந்தது. படங்களைத் திருத்துகிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்று அதில் இலவசமாக வந்தது. முதலாளி ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். என்னைவிடச் சில வயது மூத்தவர், ஒரே தெருக்காரர், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாரம் கழித்து, கண் பூத்துப்போய்விட்டது, இனி நீ பார் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் அதிலிருந்த சொற்களை இடத்தை வைத்துப் பழகிக்கொண்டேன். மேலே எந்த மூலையில் அழுத்தினால் எது திறக்கும், திறந்ததில் எது எங்கே இருக்கும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. கலர் திருத்துவதற்கு ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள், ஒவ்வொன்றிலும் இழுக்கிற குமிழ் ஒன்று. முதல் கோட்டில் ஒரு முனை ஆகாயக் கலர், மறுமுனை சிவப்பு. அடுத்ததில் வாடாமல்லிக்கு எதிரில் பச்சை. கடைசியில் மஞ்சளுக்கு எதிரில் நீலம். ஒன்றைக் கூட்டினால் எதிரில் இருப்பது குறையும். இது போக, கயிறு மாதிரி ஒரு சின்னப் படம் உண்டு. அதை எடுத்து முகத்தைச் சுற்றி வளைத்துவிட்டால், நாம் செய்வதெல்லாம் வளைத்த இடத்துக்குள் மட்டும் நடக்கும். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான். அதை வைத்தே பத்து வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கம் ஒரு பெண்ணைக் கலராக இருக்கிறாள் என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். சிவப்பாக இருக்கிறாள் என்றாலும் அதே அர்த்தம்தான். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கலர் போடச் சொன்னால் வெளுக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் செய்யப் போனபோது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. ஒருவரைச் சிவப்பாக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தை ஏற்றி, சிவப்புக் குமிழைப் பின்னால் இழுக்க வேண்டும். அதாவது சிவப்பைக் குறைத்தால்தான் ஆள் சிவப்பாவார். கருப்பு என்று நாம் சொல்லுகிற தோலில் கருப்பே கிடையாது. நிறையச் சிவப்பும் அதற்கடுத்து மஞ்சளும்தான் இருக்கும். இதெல்லாம் குமிழை இழுத்து இழுத்துத் தெரிந்துகொண்டது.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற டீச்சர் ஒருவர் எங்கள் பகுதியில் குடியிருந்தார். அவருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவுக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். சேலை கட்டி, பவுடர் பூசி, முதலாளி இரண்டு பக்கமும் லைட்டைப் போட்டு எடுப்பார். பிறகு என்னிடம் வரும். மற்ற எல்லோருக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்தேன். டீச்சர் நல்ல கருப்பு. போட்டோவில் கோதுமைக்குக் கொஞ்சம் கீழே என்கிற மாதிரி இருப்பார்.

ஒரு கோடை விடுமுறை முடிந்து அவரும் அவருடைய அம்மாவும் கடைக்கு வந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சரின் அண்ணன் அந்தமானில் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். விடுமுறைக்கு அம்மாவும் மகளும் கப்பலில் அங்கே போயிருக்கிறார்கள். அண்ணன், தண்ணீருக்குள் எடுக்கிற பிளாஸ்டிக் கூடு போட்ட கேமரா ஒன்றை வாங்கி, தங்கச்சிக்கு முகமூடிக் கண்ணாடியும் மூச்சு விடுகிற குழாயும் மாட்டி, கரையோரத்தில் பவளப்பாறை பார்க்க இறக்கிவிட்டிருக்கிறார். எடுத்த ரோல் முழுவதையும் டவுனில் கழுவிப் பிரின்ட் போட்டு வாங்கியிருந்தார்கள். எல்லாம் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி இருந்தன.

அதில் ஒரு படத்தைத் தனியாக எடுத்து டீச்சர் கவுண்டரில் வைத்திருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாயைத் துப்பிவிட்டு, மூச்சை அடக்கி ஒரு முங்கு போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அண்ணன் எடுத்தது. முடி மேலே எழும்பி நிற்கிறது. கண் இரண்டும் திறந்திருக்கின்றன. சிரிப்பு வந்து வாயோரத்தில் நீர்க்குமிழி விடுகிறது. இனிமேல் மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த ஒரு போட்டோதான் போக வேண்டும் என்று டீச்சர் சொல்ல, அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

முதலாளி, சேலை கட்டி இன்னொன்று எடுத்துவிடலாமே என்றார்.

"எடுத்ததெல்லாம் போதும்ணே," என்றார் டீச்சர். "இதுல கலர் சரியா இருக்கணும். அம்புட்டுத்தான்."

"ஆமா தம்பி, நல்லாக் கலர் போடுங்க," என்றார் அம்மா. "இதுல எம் மக கருகிப்போன கத்திரிக்கா மாதிரி இருக்கா."

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். திரைச்சீலையைத் தாண்டி என்னிடம் வந்தபோது அது முதலாளியின் வாயிலிருந்து வந்தது. "மாப்ள, பொண்ணுக்கு நல்லாக் கலர் போட்டுரு."

படத்தை ஸ்கேன் செய்து திறந்தேன். தானாகத் திருத்துகிற பட்டன் ஒன்று உண்டு, அதை முதலில் அழுத்திப் பார்த்தேன். கடல் சாம்பலாகி, டீச்சரின் உதடு ரோஜாப் பாக்கு போட்ட மாதிரி ஆனது. அதை விட்டுவிட்டுச் சிவப்புக் குமிழைக் கையால் இழுத்தேன். முகத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும்போது கடல் முழுக்க ஊதாப் பூத்தது. அதுவரை தண்ணீருக்குள் எடுத்த படம் என் கைக்கு வந்ததே இல்லை. கடைசியில் கயிற்றை எடுத்து முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டேன். கடலை அதன் நீலத்திலேயே விட்டுவிட்டு, வளைத்த இடத்தை மட்டும் வழக்கமாகச் செய்கிறபடி வெளுத்தேன். பின்னால் இருந்த பாறைக்கும் மஞ்சள் மீன்களுக்கும் கொஞ்சம் பளபளப்பு ஏற்றினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதலாளி முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

படம் வாங்க வந்தபோது அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"இது யாருண்ணே?" என்று கேட்டார்.

முதலாளி ஏதோ சமாளித்தார். டீச்சர், வேலை செய்கிறவர் யார் என்று கேட்டு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். இருந்த ஒரு ஸ்டூலில் பழைய ஆல்ப அட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கீழே இறக்கி வைத்தேன். அவர் உட்கார்ந்து, கோபமில்லாமல், வகுப்பில் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

இதுவரை மூன்று வீட்டார் வந்து போயிருக்கிறார்கள். மூன்று தடவையும் எங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். டீச்சர் காப்பித் தட்டோடு வெளியே வந்ததும் யாராவது ஒருவர் போட்டோவை நினைத்துக்கொள்வது முகத்தில் தெரியுமாம். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை, தங்கச்சியைக் காட்டுகிறார்களோ என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். டீச்சருக்குத் தங்கச்சியே கிடையாது. பிறகு காப்பியைக் குடித்து முடிக்கிற வரை ஒருவரும் பேச மாட்டார்கள். எழுந்து, வாரோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வர மாட்டார்கள்.

"வேணாம்னு சொல்றதுன்னா போட்டோவப் பாத்தே சொல்லிரட்டும்ணே. வீட்டுக்கு வந்து, எம் மூஞ்சியப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போறத இன்னொரு தடவ என்னால நின்னு பாக்க முடியாது. நான் எப்படி இருக்கேனோ அப்படி வேணும். அதுக்குத்தான் கலர் சரியா இருக்கணும்னு சொன்னேன்."

அவர் கேட்டது முழுவதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படமாக இருந்தால், வெளுக்காமல் விட்டாலே ஆள் இருக்கிறபடி இருப்பார். இதில் விட்டால் பச்சையாக அல்லவா இருப்பார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பழைய படத்தைத் திரையில் திறந்து காட்டினேன்.

அவரே சொன்னார். "தண்ணி செவப்ப முழுங்கிரும்ணே. வெயில் தண்ணிக்குள்ள இறங்க இறங்க, மொதல்ல செவப்புத்தான் காணாமப் போகும். நீலம் கடைசி வரைக்கும் நிக்கும்."

வெளியே கவுண்டர் பெஞ்சிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதத்தான நானும் சொல்றேன். எம் மக செவப்புத்தான். கடலு முழுங்கிருச்சு."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீர் எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவைத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு என்று தெரிய, படத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளின் நிஜக் கலர் தெரிந்தால் போதும். அன்றைக்குப் போட்டிருந்த துணி இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். படத்தில் கருப்பாகத் தெரிந்த சுடிதார் அரக்குக் கலர் என்றார் டீச்சர். மறுநாள் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீரில் ஊறி, பிறகு சோப்பில் ஊறி, சாயம் போய்த் திட்டுத் திட்டாக இருந்தது. கழுத்துப் பக்கம் ஒரு கலர், கைப்பக்கம் ஒரு கலர். எதை நிஜம் என்று வைத்துக்கொள்வது? படத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். கண்ணாடியின் வார் கருப்பு. மீன்களின் நிஜக் கலர் யாருக்குத் தெரியும்?

மிச்சமிருந்தது அவர் மட்டும்தான். கையைக் கொண்டுவந்து மானிட்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் என் கையை மானிட்டர் ஓரத்தில் வைத்துக் காட்டி, இந்த மாதிரி என்று மட்டும் சொன்னேன். டீச்சர் வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, திரையில் தன் முகத்தை ஒட்டிக் கையை வைத்தார்.

அதன் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது, ஏனென்றால் வேலை வந்துவிட்டது. முன்போலவே முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் கயிற்றால் வளைத்துக்கொண்டு, அவர் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், குமிழை இழுத்தேன். சிவப்பைக் கூட்டக் கூட்டப் பச்சை விலகிற்று. அது போதவில்லை, மஞ்சளும் கொஞ்சம் வேண்டியிருந்தது. வெளிச்சத்தைத் தொடவே இல்லை. இத்தனை வருடங்களில் ஒரு முகத்தில் சிவப்பைக் கூட்டி நான் செய்த முதல் போட்டோ அதுதான்.

அந்தமானிலிருந்து வந்தபோது இதைவிடக் கருத்திருந்ததாக டீச்சர் சொன்னார். அப்படியானால் அன்றைய கலரா, இன்றைய கலரா என்று கேட்டேன்.

"இப்ப இருக்கிறதையே வைங்கண்ணே. இதத்தான பாக்கப் போறாங்க."

ட்யூப் லைட்டில் தோல் கொஞ்சம் பச்சையடிக்கும். மானிட்டருக்கும் அதன் குணம் உண்டு. அதனால் ஒரு பிரின்ட் போட்டு வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம். சி.டி.யில் பதிந்து டவுன் லேபுக்கு அனுப்பினோம். வந்த பிரின்டில் டீச்சர் மறுபடியும் வெளுத்திருந்தார். லேபில் மெஷின் ஓட்டுகிறவருக்கும் எங்கள் கடைப் பழக்கம்தான். முகம் என்று ஒன்று வந்தால் கை தானாக ஏற்றிவிடும். நானே பஸ் ஏறிப் போனேன். அவரிடம் இதைத் தொடாமல் போடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கருப்பா வருமேண்ணே, திட்டு வாங்கப்போறீங்க என்றார். பரவாயில்லை என்றேன்.

அந்தப் பிரின்டை டீச்சர் கடை வாசலில் வெயிலில் பிடித்துக்கொண்டு, புறங்கையைப் பக்கத்தில் வைத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் கதவுக்கு உள்பக்கமே நின்றேன். கையும் முகமும் ஒன்றாக இருந்தன. பின்னால் கடல் அப்படி ஒரு நீலம். அவர் படத்தை என்னிடம் நீட்டி, இன்னும் இரண்டு வேண்டும் என்று விரலைக் காட்டினார். அம்மாதான் பெருமூச்சு விட்டார்.

போட்டோ நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பையன் வீடுகளுக்கு வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். ஒருநாள் மத்தியானம், வெயிலுக்குக் கடையில் வேறு ஆளில்லாத நேரம், அப்பாவும் மகனுமாகக் கவுண்டருக்கு வந்தார்கள். படத்தின் பின்பக்கத்தில் எங்கள் கடை முத்திரை இருக்கும், அதைப் பார்த்து வந்திருக்கிறார்கள். நான் உள்ளே ஒரு காதுகுத்து வீட்டுப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பெரியவர் முதலாளியிடம், இந்தப் படம் இங்கே போட்டதுதானா என்று விசாரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணுமில்ல, பொண்ணோட அம்மா ஒரு வார்த்த சொன்னாங்க. தண்ணிக்குள்ள எடுத்தா செவப்பெல்லாம் போயிருமாம்ல. அப்ப நேர்ல பொண்ணு செவப்பா இருக்குமா? வீட்டுப் பொம்பளைங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அம்மா அதை விடவில்லை. டீச்சர் சொன்ன பாடத்தை எடுத்து அவருக்கு வேண்டியபடி மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். அவர் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. உண்மையாகவே அப்படி நம்பினாரோ என்னவோ.

முதலாளி வருகிறவர் மனம் கோணாமல் பேசியே கடை நடத்தியவர். ஒரு வரன் நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்திருப்பார். "ஆமாங்க. கடல் தண்ணி லேசுப்பட்டதா? கலர அப்படியே அடிச்சுட்டுப் போயிரும். பொண்ணு நேர்ல நல்லா இருக்கும். தைரியமாப் போய்ப் பாருங்க," என்றார்.

நான் மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இவர்கள் இப்போது வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கோச்சடைக்கு வருவார்கள். டீச்சர் காப்பித் தட்டோடு வெளியே வருவார். எழுந்து பாதி தூரம் போய், திரும்ப உட்கார்ந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெரியவர் குடையை எடுக்கிற சத்தம் கேட்டது. எழுந்து திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

"போன செவப்பத் திருப்பிப் போட்டாச்சுங்க," என்றேன். சுற்றி வளைக்கத் தெரியாததால் அப்படித்தான் வந்தது. "போட்டோல இருக்கிறதுதான் அவங்க கலர்."

பெரியவர், இது யார் என்கிற மாதிரி முதலாளியைப் பார்த்தார். உள்ளே வேலை பார்க்கிறவர்தான் என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல்.

"எப்படி அம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

"அவங்க கையப் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் போட்டேன். வெயில்லயும் வச்சுப் பாத்தாச்சுங்க."

"அப்ப இதுக்கு மேல செவப்பு கெடையாதுங்கிறீங்க."

"கெடையாதுங்க."

அவர் படத்தைக் கவருக்குள் வைக்கப் போனார். பக்கத்தில் நின்ற பையன் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"உப்புத் தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்திருக்காங்களே. எரியாதாண்ணே?"

"தெரியலைங்க," என்றேன்.

"ஏண்டா, நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு கேக்குற," என்று பெரியவர் குடையை விரித்தார். போய்விட்டார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள," என்றார், "வருஷத்துக்கு ஒருதரம் வாயத் தொறக்கிறவன், அதுக்கு இன்னைக்கா தொறக்கணும்?" நான் உள்ளே போய்க் காதுகுத்துப் படங்களை எடுத்துக்கொண்டேன். அவர் கோபம் சாயங்காலம் டீ வாங்கிவந்தபோது தீர்ந்துபோயிற்று. எனக்கும் இரண்டு வடை சேர்த்து வாங்கியிருந்தார்.

அடுத்து வந்த ஞாயிறு கடந்தது. அதற்கடுத்ததும் கடந்தது. டீச்சர் கடைப்பக்கம் வரவில்லை. பையன் வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது அவர் கேட்டுக்கொண்டபடிதான் நடந்திருக்கிறது. போட்டோவைப் பார்த்தே சொல்லட்டும் என்றவர் அவர்தான். அப்படி நினைத்தும் எனக்கு மனம் ஆறவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் வந்தாவது பார்த்திருப்பார்கள் என்று ஒரு பக்கம் தோன்றும். வந்து பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்களே என்று மறுபக்கம் தோன்றும். அந்த நாட்களில் எந்த முகத்தைத் திறந்தாலும் வெளிச்சக் குமிழில் கை வைக்கும்போது கொஞ்சம் தயங்கினேன். ஆனாலும் வைத்தேன். வாடிக்கைக்காரர்கள் அதற்குத்தானே வருகிறார்கள்.

பிறகு ஒரு நாள் டீச்சர் வந்தார். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் படம் எடுக்கச் சொல்ல வந்தவர், முதலாளியிடம் பேசிவிட்டுத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டினார்.

பையன் வீட்டார் பெண் பார்க்க வந்துபோயிருக்கிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்து தள்ளிப்போய், தாமதமாக வந்திருக்கிறார்கள். பையனின் அம்மா போட்டோவைக் கையிலேயே வைத்திருந்தாராம். டீச்சர் வெளியே வந்ததும் படத்தை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்தாராம்.

"போட்டோல இருக்கிற மாதிரியேதான் இருக்குன்னு சொன்னாங்கண்ணே," என்றார் டீச்சர்.  அதற்கப்புறம் எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு, காப்பி குடித்து, இன்னொரு தடவையும் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். பையன் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, மாடிப்படியில் நின்று முதலில் கேட்டது, கண் எரியவில்லையா என்பதுதான்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். நானாக ஒருவரிடம் இப்படிக் கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எரிஞ்சுச்சுன்னேன். ரெண்டு நாளா கண்ணு ரெண்டும் செவந்துபோய்க் கெடந்துச்சு, நான் செவப்பா இருந்தது அப்ப மட்டுந்தான்னு சொன்னேன்." சொல்லும்போதே சிரித்தார். "நீங்க கடையில சொன்னதையும் சொன்னாங்கண்ணே."

நான் கீ போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுவிழா என்றைக்கு என்று கேட்டேன். அது முதலாளிக்குத்தான் தேவை, எனக்குத் தேவையில்லை.

தை மாதம் கல்யாணம். படம் எடுத்தது எங்கள் கடைதான். அழகு நிலையத்திலிருந்து வந்த பெண் டீச்சரின் முகத்துக்கு அவருடைய தொழில்படி என்னவெல்லாமோ பூசியிருந்தார். அதன் மேல் வீடியோ லைட்டும் முதலாளியின் ஃபிளாஷும் விழுந்து, படங்களில் முகம் ரோஸ் மாவு மாதிரி இருந்தது. ஆனால் கைக்கு ஒன்றும் பூசவில்லை. மாலை பிடித்த கை, தட்டு வாங்குகிற கை, அம்மி மேல் வைத்த கால் எல்லாம் இருந்தபடி இருந்தன. நிஜக் கலரின் அளவை நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் அது உள்ளேயே இருந்தது. கயிற்றால் முகத்தை வளைத்துக்கொண்டு, கையைப் பார்த்து, குமிழை இழுத்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஆல்பம் வாங்க டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் அம்மாவும் வந்தார்கள். அம்மா நான்கு பக்கம் திருப்புவதற்குள், இன்னும் கொஞ்சம் கலர் போட்டிருக்கலாம் தம்பி, கல்யாண ஆல்பமாச்சே என்றார். முதலாளி வழக்கம்போல அதற்கும் சரி என்றார். டீச்சர் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தாலி கட்டுகிற படம் வந்ததும், புது வளையல்களை மேலே தள்ளிவிட்டு, புறங்கையை அந்தப் படத்தில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என்ன பார்க்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.